ஓசியில் ராத்தங்கல்! அமெரிக்கப் பாலைவனத்தில் காரோடு போகிறவர்கள் கதி என்ன?

வாடகை கிடையாது. சீட்டு கிடையாது. "யாரைக் கேட்டு இங்கே வண்டியை நிறுத்தினே?" என்று அதட்ட ஆள் கிடையாது. காரை ஓரங்கட்டிவிட்டு, கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு 14 நாள் வரை ஜாலியாகப் படுத்துக் கிடக்கலாம். ராத்திரியில் சுற்றிப் பார்த்தால் இன்னொரு விளக்கு கண்ணில் படாது.

அப்படியும் ஒரு இடம் உண்டா?

உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், நெவாடா, யூட்டா, அரிசோனா, கலிபோர்னியா என்று பாலைவனமும் மலையுமாகக் கிடக்கும் மாநிலங்களில், இது சர்வ சாதாரணம். சனி, ஞாயிறு வந்தால் போதும். குடும்பம் குடும்பமாகக் காரில் சாமான்களை அடைத்துக்கொண்டு, ஆள் அரவம் இல்லாத இடம் தேடிக் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படிக் கிளம்புகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. சிலரது எலும்புதான் கிடைக்கிறது. அதுவும் 13 வருஷம் கழித்து!

இதற்குப் பாலைவனத்தைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அடுத்தவன் சொன்ன இடத்துக்கு, அடுத்தவன் காட்டிய வழியில், கண்ணை மூடிக்கொண்டு போகிறார்களே, கோளாறு அங்கேதான். ஒதுங்கிய இடம் வேண்டும் என்கிறவர் அதைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேடத் தெரியாதவருக்கு அந்த இடத்தில் ஒரு ராத்திரி தங்குகிற தகுதி இல்லை. கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். நடந்த சம்பவங்களைப் பார்த்தால் வேறு மாதிரி சொல்லத் தோன்றவில்லை.

அமெரிக்கப் புறம்போக்கு

முதலில் இந்த நிலம் யாருடையது? சர்க்கார் நிலம். நம் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. ஆனால் எவ்வளவு புறம்போக்கு தெரியுமா? மத்திய சர்க்காரின் நில நிர்வாக இலாகா கையில் மட்டும் சுமார் 24½ கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஏழரை மடங்கு! அது தவிர வன இலாகா கையில் 19 கோடி ஏக்கருக்கு மேல். நெவாடா மாநிலத்தில் 100 ஏக்கர் நிலம் இருந்தால் அதில் சுமார் 80 ஏக்கர் மத்திய சர்க்காருடையது.

எப்படி இவ்வளவு நிலம் மிஞ்சியது? அங்கேதான் சூட்சுமம். 1862-ல் ஒரு சட்டம் போட்டார்கள். குடியேறி உழுகிறவனுக்கு 160 ஏக்கர் இனாம் என்றார்கள். ஜனங்கள் ஓடோடி வந்து ஆற்றங்கரை, ஊற்றங்கரை என்று தண்ணீர் உள்ள நிலமாகப் பார்த்து வளைத்துப் போட்டார்கள். தண்ணீர் இல்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? பெரும்பகுதி சர்க்கார் தலையிலேயே கிடந்தது. 1976-ல் இன்னொரு சட்டம் வந்து, இந்த நிலத்தைப் பொதுவாக இனி விற்பதில்லை, பொதுச் சொத்தாகவே வைத்துக்கொள்வது என்று முடிவு கட்டியது.

ஆக, அந்த இடம் ஓசியில் கிடைக்கக் காரணமே அங்கே தண்ணீர் இல்லாததுதான். நிழல் இல்லை, ரோடு இல்லை, மனுஷன் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் "இலவசம்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புகிறார்கள்.

பல இடங்களில் ஒரே இடத்தில் 14 நாள் தங்கலாம். பிறகு மூட்டை கட்டிவிட வேண்டும். வன இலாகா நிலத்தில் கெடு அங்கங்கே மாறும். குழாய், கக்கூஸ், குப்பைத் தொட்டி எதுவும் கிடையாது. கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வர வேண்டும். மலம் கழிப்பதற்கும் விதி உண்டு. ஓடையை விட்டு 200 அடி தள்ளி, 6 அங்குலம் ஆழம் தோண்டி மூட வேண்டும். யூட்டாவில் மோவாப் என்ற ஊரைச் சுற்றி அந்தச் சலுகையும் போய்விட்டது. கழித்ததைப் பையிலோ டப்பாவிலோ எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. வறண்ட மண்ணில் அது சீக்கிரம் மக்காது. சிரிக்க வேண்டாம், விஷயம் அவ்வளவு முற்றிவிட்டது.

தெரிந்தவர்கள் எப்படித் தேடுகிறார்கள்?

பழக்கப்பட்டவர்கள் தேடுகிற முறையே தனி. வீட்டில் மேஜை மேல் ஆரம்பிக்கிறது வேலை.

சர்க்கார் போடும் நில வரைபடத்தில் நிறம் பார்த்தாலே போதும். மஞ்சள் என்றால் நில இலாகா. பச்சை என்றால் வன இலாகா. வெள்ளை என்றால் தனியார் பட்டா. வெள்ளையில் போய்ப் படுத்தால் துப்பாக்கியோடு ஆள் வந்து நிற்பான். மஞ்சளிலும் பச்சையிலும் தார் ரோட்டிலிருந்து பிரிந்து போகும் மண்பாதைகளைப் பார்க்கிறார்கள். வன இலாகா, எந்தப் பாதையில் எந்த வண்டி எந்த மாசம் போகலாம் என்று தனியாக ஒரு வரைபடத்தை இனாமாகவே கொடுக்கிறது. அதையும் பக்கத்தில் விரித்துக்கொள்கிறார்கள்.

பிறகு கோடுகள். வரைபடத்தில் மேடு பள்ளம் காட்டும் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து. விலகி இருந்தால் சமதளம். மண்பாதையின் ஓரத்தில், கோடுகள் விலகி, ஒரு சின்னக் குன்று தார் ரோட்டை மறைக்கிற மாதிரி ஒரு இடம் அகப்பட்டால் பென்சிலால் வட்டம் போடுகிறார்கள். ஒன்று போதாது. மூன்று, நாலு வட்டம். ஒரு இடத்தில் ஏற்கனவே ஆள் இருக்கலாம். இன்னொன்றில் பாதை அரித்துப் போயிருக்கலாம்.

மூன்றாவது வேலை, போன் போடுவது. அந்த வட்டாரத்து இலாகா ஆபீசுக்கு ஒரு போன். பாதை திறந்திருக்கிறதா? தீ மூட்டத் தடை உண்டா? பனி உருகிவிட்டதா? உயரமான மலைப் பாதைகளில் ஜூன் மாசம் பிறந்தும் பனி கிடப்பது உண்டு. இரண்டு நிமிஷப் பேச்சு. இதைச் செய்யச் சோம்பல் பட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

போகிற அன்று, பொழுது சாய இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே மண்பாதையில் இறங்கிவிடுகிறார்கள். இருட்டில் இடம் தேடுவது கிணற்றில் இறங்குகிற மாதிரி. கொஞ்ச தூரம் போனதும் சந்தேகமான பள்ளம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்க்கிறார்கள். மணலில் கால் புதைந்தால் டயரும் புதையும். வண்டியைத் திருப்ப இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் குறுகிய பாதையில் நுழைவதே இல்லை.

இடத்தில் இறங்கியதும் கண் நாலு பக்கமும் போகும். பழைய அடுப்புக் கற்கள் வட்டமாகக் கிடந்தால் நல்ல சகுனம். முன்னால் யாரோ தங்கியிருக்கிறார்கள், புதிதாக மண்ணைக் கெடுக்க வேண்டியதில்லை. யூட்டா பக்கத்துப் பாலைவனத்தில் கறுப்பாகப் பொருபொருவென்று ஒரு மண் தோல் உண்டு. உயிருள்ள தோல். அதுதான் மணல் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு டயர் அதன் மேல் ஏறி இறங்கினால் ஆற எத்தனையோ வருஷம் ஆகும்.

வறண்ட ஓடை மணல் மெத்தை மாதிரி இருக்கும். படுக்க ஆசையாக இருக்கும். அதில் மட்டும் படுக்கக் கூடாது. தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இருக்காது. பத்து இருபது மைலுக்கு அப்பால் மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் சுவர் மாதிரி வந்து காரையும் ஆளையும் சுருட்டிக்கொண்டு போகும்.

மலைக்காடாக இருந்தால் மேலே பார்க்க வேண்டும். பட்டுப்போன மரத்தடியில் கூடாரம் அடித்தால் காற்று வரும்போது கிளை முறிந்து விழும். பழைய சுரங்கம் இருந்த பிரதேசமாக இருந்தால் கீழே பார்க்க வேண்டும். தங்கம், வெள்ளி தோண்டினவர்கள் குழியை மூடாமலே போய்விட்டார்கள். ராத்திரியில் ஒதுங்கப் போகிறவருக்கு அதுவே சமாதி.

நெவாடாவில் இன்னொரு சட்டம் உண்டு. வனவிலங்கும் மாடும் வந்து குடிக்கிற தண்ணீர்க் குட்டைக்கு 100 கஜத்துக்குள், அவை தண்ணீரை நெருங்க முடியாதபடி முகாம் போடக் கூடாது. மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மான் தண்ணீருக்கு வராது, தாகத்தில் செத்துப்போகும் என்று கருதிச் செய்த நியாயமான சட்டம்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று அடித்து வைத்த ஸ்டெப்னி, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதற்கு மேல் இரண்டு மூன்று நாளைக்கு உபரி. கோடையில் அந்த 4 லிட்டரும் காணாது.

நாலு பேர் போனார்கள்!

இனி சம்பவங்கள்.

கலிபோர்னியாவில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே ஒரு பள்ளத்தாக்கு. டெத் வேலி. 1913-ல் ஜூலை 10-ந் தேதி அங்கே 56.7 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. உலகத்திலேயே அதிகம் என்று இன்றும் புத்தகத்தில் இருக்கும் கணக்கு அது.

அங்கே 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் இரண்டு சிறுவர்களும் வாடகை வேனில் வந்தார்கள். ஜீப் போகவே திணறும் மலைப்பாதையில் அந்த வேனை விட்டார்கள். பிறகு ஆளைக் காணோம்!

அக்டோபரில் ஹெலிகாப்டரில் சுற்றிய காவலர் கண்ணில் வேன் பட்டது. மணலில் புதைந்து, மூன்று டயர் காற்றில்லாமல் நின்றது. உள்ளே ஆள் இல்லை. குதிரை, ஹெலிகாப்டர் என்று பெரும் படையே தேடியது. துப்பு துலங்கவில்லை. 2009 நவம்பரில்தான், விடாப்பிடியாகத் தேடிய இரண்டு பேர் எலும்புகளைக் கண்டுபிடித்தார்கள். வேனிலிருந்து மைல் கணக்கில் தெற்கே!

ஏன் தெற்கே போனார்கள்? வரைபடத்தில் அந்தப் பக்கம் ராணுவத் தளத்தின் எல்லைக் கோடு இருக்கிறது. ராணுவ எல்லை என்றால் வேலி இருக்கும், காவல் இருக்கும், ஆள் வந்து காப்பாற்றுவான் என்று நினைத்திருக்கலாம் என்பது கண்டுபிடித்தவரின் ஊகம். ஊரில் அப்படித்தான் இருக்கும். இங்கே அந்த எல்லையில் ஒரு ஈ காக்கை கிடையாது. காகிதத்தைப் படித்தார்கள், மண்ணைப் படிக்கவில்லை.

அதே டெத் வேலியில் 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் மகனும் முகாம் போடப் போனார்கள். வழிகாட்டிக் கருவி சொன்ன பாதையில் போய் மணலில் சக்கரம் புதைந்தது. ஐந்து நாளைக்குப் பிறகு காவலர் கண்டுபிடித்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. சிறுவன் இறந்து கிடந்தான். அந்தப் பக்கத்துக் காவலர்கள் இந்த மாதிரிச் சாவுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 'கருவிச் சாவு!'

மலைப்பக்கமும் இதே கதைதான். 2011 மார்ச்சில் கனடா நாட்டுத் தம்பதி காரில் லாஸ் வேகாசுக்குக் கிளம்பினார்கள். கருவி நெவாடா மலையில் ஒரு குறுக்கு வழி காட்டியது. வேன் சேற்றில் மாட்டியது. மூன்றாம் நாள் கணவர் உதவி தேடி நடந்தார். மனைவி வேனிலேயே இருந்தார். இருந்த கொஞ்சம் தீனியையும் பனி உருகிய தண்ணீரையும் வைத்து 49 நாள்! மே மாசம் வேட்டைக்கு வந்தவர்கள் அவரை உயிரோடு மீட்டார்கள். கணவரின் உடல் 2012-ல்தான் கிடைத்தது.

பூட்டாத கேட்

2006 நவம்பரில் ஆரிகன் மாநிலத்தில் நடந்தது இன்னும் பரிதாபம். தாய், தகப்பன், இரண்டு பெண் குழந்தைகள். முகாம் போட வந்தவர்கள்கூட இல்லை. ஹைவேயில் திருப்பத்தைத் தவறவிட்டு, மலை வழியாகக் கடற்கரைக்குப் போகப் பார்த்தார்கள். பனியில் வழி தவறி மரம் வெட்டுகிறவர்களின் பாதைக்குள் நுழைந்துவிட்டார்கள். கார் டயரைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். தாய் இரண்டு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்துக் காப்பாற்றினார். ஒன்பது நாள் கழித்து ஹெலிகாப்டர் வந்தது. மூவரும் பிழைத்தார்கள். உதவி தேடி நடந்த தகப்பன் ஓடைப் பள்ளத்தில் பிணமாகக் கிடந்தார்.

அந்தப் பாதைக்கு நில இலாகாவின் இரும்புக் கேட் உண்டு. மழை, பனிக் காலத்தில் பூட்டியிருக்க வேண்டும். விஷமிகள் யாரோ பூட்டை வெட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். விசாரித்தால், பூட்டவே இல்லை!

இந்த ஒரு இடத்தில் சர்க்காரையும் சும்மா விட முடியாது. 24½ கோடி ஏக்கருக்கும் காவல் போட முடியாது, சரி. மண்பாதை தார் ரோட்டை விட்டுப் பிரிகிற முகப்பில் ஒரு பலகை போட என்ன செலவு? "40 மைலுக்கு ஆள் கிடையாது, தண்ணீர் கிடையாது, உள்ளே வழி முட்டும்" என்று மூன்று வரி. சில இடத்தில் இருக்கிறது. பல இடத்தில் இல்லை. இருக்கும் பலகையிலும் துப்பாக்கிக் குண்டு துளைத்து எழுத்து தெரியவில்லை.

2011-லும் 2006-லும் வண்டியை விட்டு நகராதவர்கள் பிழைத்தார்கள். நடந்தவர்கள் செத்தார்கள். 1996-ல் நாலு பேரும் நடந்தார்கள். மேலே இருந்து தேடுகிறவனுக்குக் கார் தெரியும், மனுஷன் தெரியமாட்டான். ஆனால் 2009-ல் வண்டியோடு இருந்தும் பையன் போனான். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் இல்லாமல் வண்டியோடு இருந்தும் பயன் இல்லை.

புள்ளி வைத்தால் புழுதி

இப்போது காலம் மாறிவிட்டது. 2022 முதல் சில செல்போன்கள் டவர் இல்லாத இடத்திலும் வானத்துச் செயற்கைக்கோள் மூலம் ஆபத்துச் செய்தி அனுப்புகின்றன. நல்ல காரியம்தான். சார்ஜ் இருந்தால், மேலே வானம் திறந்திருந்தால்!

அதே செல்போன்தான் இன்னொரு வினையையும் கொண்டு வந்தது. ஒருவர் அருமையான இடம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். படம் பிடித்து, வரைபடத்தில் துல்லியமாகப் புள்ளி வைத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார். அடுத்த சனிக்கிழமை அங்கே 10 வண்டி. அடுத்த வருஷம் திருவிழா.

அலபாமா ஹில்ஸ் என்று ஒரு இடம். கலிபோர்னியாவில் லோன் பைன் ஊருக்குப் பக்கத்தில், உருண்டை உருண்டையான பாறைக்காடு. பின்னால் 14,505 அடி உயர விட்னி சிகரம். சினிமாக்காரர்களுக்குப் பழக்கமான இடம். 1939-ல் வந்த 'கங்கா தின்' படத்தில் நம் பழைய இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறம் என்று காட்டியது இந்தப் பாறைகளைத்தான்!

அங்கே யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம் என்று இருந்தது. படங்கள் பரவின. வண்டிகள் குவிந்தன. பாறைக்குப் பாறை கூடாரம், புதருக்குப் புதர் காகிதம், அசிங்கம். 2019-ல் அதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதியாக அறிவித்தார்கள். பிறகு, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, குறித்துவைத்த இடத்தில் மட்டும்தான் தங்கலாம் என்று ஆகிவிட்டது. ஒருவரையும் குற்றம் சொல்ல வழி இல்லை. ஆளுக்கு ஒரு புள்ளிதான் வைத்தார்கள்.

தீ விஷயமும் அப்படித்தான். 2013-ல் யோசெமிட்டிக்குப் பக்கத்துக் காட்டில் பற்றிய தீயில் 2 லட்சத்து 57 ஆயிரம் ஏக்கர் சாம்பல். தடையை மீறி வேட்டைக்காரர் ஒருவர் மூட்டிய தீதான் காரணம் என்று வன இலாகா அறிவித்தது. வழக்கு 2015-ல் சாட்சிகள் இறந்துபோனதால் நிற்கவில்லை.

ஏழைக்கு யார் சொல்வது?

இதற்கு எதிர்க்கட்சி வாதம் ஒன்று உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

"நிலம் எல்லார்க்கும் சொந்தம். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் நாலு பேர் மட்டும் ரகசியமாக அனுபவிப்பதா? புதிதாக வருகிறவன், வீட்டு வாடகை கட்ட வழியில்லாமல் வேனிலேயே குடித்தனம் நடத்துகிற கிழவன் கிழவி, இவர்களுக்கு இடம் சொல்லாவிட்டால் எங்கே போவார்கள்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. வேனில் குடியிருக்கிறவர்கள் அங்கே ஒருவர் இருவர் அல்ல. 14 நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றி, இடம் மாற்றி, குளிர்காலம் முழுவதும் அரிசோனா பாலைவனத்தில் கழிக்கிறார்கள். குவார்ட்சைட் என்ற ஊரைச் சுற்றி இவர்களுக்காகவே இலாகா சலுகைக் கட்டணத்தில் மாசக்கணக்கில் தங்க இடம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே பக்கத்தில் மனுஷன் இருப்பான், கடை இருக்கும். அந்த மாதிரி இடங்களின் விலாசத்தைத் தாராளமாகச் சொல்லலாம், இன்னும் நாலு திறக்கலாம்.

ஒதுங்கிய இடம் விவகாரம் வேறு. புதியவனுக்கு இடத்தைச் சொல்வதைவிட, தேடுகிற வித்தையைச் சொல்லிக் கொடுப்பதே உபகாரம். மஞ்சள் எது, வெள்ளை எது, ஓடை எது, ஆபீஸ் போன் நம்பர் எது. ஒரு சாயங்காலத்தில் சொல்லிவிடலாம். அதைக் கற்றுக்கொண்டவன் போகிற வழியில் பள்ளம் வந்தால் இறங்கிப் பார்ப்பான். திரும்புகிற வழியும் அவன் தலையில் இருக்கும். புள்ளியைப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்குப் புள்ளி மறைந்தால் கிழக்கு எது மேற்கு எது?

பழக்கப்பட்டவர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. கிளம்பும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் நாலு விஷயம் எழுதி, ஊரில் இருக்கும் ஒருவரிடம் கொடுக்கிறார்கள். வண்டி நம்பர். பென்சில் வட்டம் போட்ட இடங்கள். போகும் பாதை. திரும்பும் நாள், மணி. கடைசியில் ஒரு வரி: "ஞாயிறு ராத்திரி 9 மணிக்குள் போன் வராவிட்டால், ஷெரீப் ஆபீசுக்குச் சொல்லு. திங்கள் காலை வரை காத்திருக்காதே."